பிரஷர் மிகவும் இறங்கிவிட்டால்: மாத்திரையில் கை வைக்கும் முன் செய்யவேண்டியவை

என் அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. அம்பாசமுத்திரத்தில் விடிவதற்கு முன் எழுந்து, வெறும் வயிற்றில் பிரஷர் மாத்திரைகளை விழுங்கிவிட்டுத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போவது அவருடைய பல வருட வழக்கம். சென்ற சித்திரையில் ஒரு நாள், படித்துறையில் குனிந்து வேட்டியை அலசிவிட்டு நிமிர்ந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்து தோளைத் தாங்கிப் பிடித்தார். அவர் மட்டும் அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு அழைத்துவந்து கருவியைக் கட்டினோம். 88/54.

அன்று மாலையே அப்பா ஒரு முடிவு எடுத்தார். “இந்த மாத்திரைகள்தான் என்னைச் சாய்த்தன. இனிமேல் ஒன்றும் வேண்டாம்.” எல்லா அட்டைகளையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். நாங்களும் பயத்தில் சரி என்றுவிட்டோம். நான்காம் நாள் காலையில் பின்மண்டை வலிக்கிறது என்றார். அளந்தால் 186/104.

ஒரே வாரத்துக்குள் இரண்டு ஆபத்துகளையும் பார்த்துவிட்டோம். பிரஷர் இறங்கினால் அதற்குக் காரணம் இருக்கும். காரணத்தைத் தேடாமல் மாத்திரையை நிறுத்துவது, வீட்டில் புகை வந்தால் எங்கே எரிகிறது என்று பார்க்காமல் கூரையைப் பிரிப்பது போன்றது. நான் டாக்டர் இல்லை. எங்கள் டாக்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததையும், அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கற்றுக்கொண்டதையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மாத்திரையின் அளவை மாற்றும் முடிவு டாக்டருடையது. அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலை எல்லாம் வீட்டில் இருக்கும் நம்முடையது.

முதல் படி: எண்ணுக்கு முன் ஆளைப் பாருங்கள்

தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் அவரை அந்த இடத்திலேயே படுக்க வையுங்கள். நடத்தி உள்ளே கூட்டிப்போக வேண்டாம். அந்த நான்கு எட்டிலேயே விழுந்து இடுப்பு எலும்பு முறியலாம். மூச்சு வாங்கவில்லை என்றால் கால்களுக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள். மூச்சு வாங்கினால் காலை உயர்த்தாமல், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திச் சாய்த்துப் படுக்க வையுங்கள். நல்ல நினைவோடு பேசினால் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பியவரின் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

பிறகு இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்: நெஞ்சு வலி அல்லது நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், மயக்கம் தெளியாமை, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் வலுவிழத்தல், உடம்பு சில்லிட்டு வியர்த்துக் கொட்டுதல், கருப்பாகத் தார் போல மலம் போதல், இரத்த வாந்தி, கடுமையான காய்ச்சலோடு உளறல், பல மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை. ஒன்று இருந்தாலும் அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். இறங்கிய பிரஷர் அப்போது வெறும் அடையாளம்தான். உள்ளே மாரடைப்போ, இரத்தப்போக்கோ, உடம்பெங்கும் பரவிய கிருமித் தொற்றோ நடந்துகொண்டிருக்கலாம். மாத்திரையைக் குறைப்பதா கூட்டுவதா என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் என்றால் சர்க்கரை அளவையும் உடனே பாருங்கள். சர்க்கரை இறங்கினாலும் இதே வியர்வை, இதே படபடப்பு, இதே கிறுகிறுப்பு வரும். அளவு 70-க்குக் கீழே இருந்தால் நினைவோடு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும்.

இரண்டாம் படி: எந்த எண் தாழ்வு?

90/60-க்குக் கீழே போனால் தாழ்வு என்பது பொதுவான கணக்கு (90 மேல் எண், 60 கீழ் எண்). ஆனால் அந்தக் கணக்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்க முடியாது. எங்கள் தெருவில் ஒல்லியான ஓர் அக்கா இருக்கிறார். மாத்திரை ஏதும் இல்லாமலே அவருடைய பிரஷர் 100/60-தான். நாள் முழுவதும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறார். அது அவருடைய உடம்பின் இயல்பு. இருபது வருடமாக 150-ல் இருந்தவருக்கு 105 என்பதே கிறுகிறுக்க வைக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கோ, அந்த இதயத்தைக் காப்பதற்காகவே மாத்திரை கொடுத்து, மேல் எண் 100-ஐ ஒட்டி இருப்பதை டாக்டர்கள் தெரிந்தே ஏற்றுக்கொள்வார்கள். அங்கே எண்ணைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

அதனால் எங்கள் வீட்டில் வைத்திருக்கும் விதி இது. மேல் எண் 90-க்குக் கீழே இருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் பேசவேண்டும். 90-க்கும் 110-க்கும் இடையில் இருந்து தலைசுற்றல், அசதி, கண் மங்கல், தடுமாற்றம் இருந்தால் அப்போதும் அன்றைக்கே அல்லது மறுநாளுக்குள் பேசவேண்டும். அதே அளவில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் ஒரு வாரம் ஒழுங்காக எழுதி, நோட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும். உங்கள் டாக்டர் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதுதான் உங்களுக்கு விதி. சொல்லவில்லை என்றால் அடுத்த முறை கேட்டு எழுதி வாங்குங்கள்: “எந்த அளவுக்குக் கீழே போனால் உங்களைக் கூப்பிடவேண்டும்?”

மூன்றாம் படி: மறுபடி அளங்கள், நின்றும் அளங்கள்

ஒரே ஒரு முறை அளந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆபத்து அறிகுறி இல்லை என்றால் சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். அதற்கு முன் அரை மணி நேரத்துக்குக் காப்பி, டீ, பீடி, நடை எதுவும் கூடாது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படவேண்டும், கால் மேல் கால் கூடாது. பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் தோலின் மேலேயே சுற்றுங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். கை தொங்கினால் எண் கூடும், தலைக்கு மேலே போனால் குறையும். ஒல்லியான கைக்குப் பெரிய பட்டை கட்டினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஒல்லியான வயதானவர்களுக்கு இப்படிப் பொய்யான தாழ்வு வரலாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். நாடித் துடிப்பின் எண்ணையும் எழுதுங்கள். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாடி தாறுமாறாகத் துடிப்பவர்களுக்குத் தானியங்கிக் கருவி தவறாகக் காட்டக்கூடும். அவர்களுக்குக் கையால் அளக்கும் கருவியில்தான் பார்க்கவேண்டும். உங்கள் கருவியை ஒரு முறை ஆஸ்பத்திரிக்கே எடுத்துப்போய் அவர்களுடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இனி, பலரும் செய்யாத சோதனைக்கு வருகிறேன். அப்பாவின் வியாதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அதுதான். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை அளங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்கவேண்டும். கட்டில் பின்னாலேயே இருக்கட்டும். நின்றதும் மேல் எண் 20 புள்ளியோ கீழ் எண் 10 புள்ளியோ இறங்கினால் அது நிற்கும்போது வரும் தாழ்வு. அப்பாவுக்குப் படுத்திருந்தபோது 118, நின்று ஒரு நிமிடத்தில் 92. உட்கார வைத்து மட்டும் அளந்துகொண்டிருந்தால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பீடி சுற்றும் பெண்கள் சட்டென்று எழும்போது கிறுகிறுப்பதாகச் சொல்வார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் “பசிக் கிறக்கம்” என்று தள்ளிவிடாமல் இந்த நின்று அளக்கும் சோதனையை அவர்களுக்குச் செய்து பாருங்கள்.

நான்காம் படி: ஏன் இறங்கியது என்று தேடுங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பாயில் பரப்புங்கள். அலமாரி, சாமி படத்துக்குப் பின்னால், பயணப்பை, சட்டைப் பை என்று எதையும் விடாதீர்கள். நாங்கள் பத்தமடைப் பாயை விரித்து அப்பாவின் மாத்திரைகளைப் பரப்பினோம். ஒன்பது அட்டைகள் வந்தன.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பெயர். நான் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாக வாசித்து நோட்டில் எழுதினேன். ஒரு பச்சை அட்டை, ஒரு வெள்ளை அட்டை. பெயர் வேறு, நிறம் வேறு, விலை வேறு. பொடி எழுத்தில் இரண்டிலும் ஒரே சொல்: டெல்மிசார்ட்டன். ஒன்று உள்ளூர் டாக்டர் எழுதியது. மற்றொன்று பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்கு முன் மாற்றி எழுதிக் கொடுத்தது. பழையதை நிறுத்தவேண்டும் என்று அங்கே யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. இரண்டு மாதமாக இரட்டிப்பு அளவு போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த இரண்டு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன்.

இப்படி இரட்டிப்பது நம் பக்கத்தில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் நடக்க முடியாத எத்தனையோ ஆச்சிகளுக்குப் பெரிய உதவி. ஆனால் அதையும் வாங்கி, தனியார் டாக்டர் எழுதியதையும் வாங்கி, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். தேடி வரும் பணியாளரிடமும் தனியார் டாக்டரிடமும் இரண்டு அட்டைகளையும் காட்டுங்கள். மருந்துக் கடை அண்ணாச்சி “இதுவும் அதுவும் ஒன்றுதான்” என்று வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், பழைய அட்டையில் மீதம் இருப்பதைத் தனியே எடுத்து வையுங்கள்.

பிரஷர் மாத்திரை என்று பெயர் இல்லாமலே பிரஷரை இறக்கும் மருந்துகளும் உண்டு. வயதான ஆண்கள் சிறுநீர் தடையில்லாமல் போகச் சாப்பிடும் டாம்சுலோசின், ப்ராசோசின் போன்றவை அவற்றில் முக்கியமானவை. நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாக்லிஃப்ளோசின், தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்குமான சில மாத்திரைகள் ஆகியவையும் அந்தக் கணக்கில் வரும். நைட்ரேட்டும் சில்டெனாஃபிலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் மறைக்காதீர்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் பாயில் வையுங்கள். சர்ப்பகந்தா வேரில் பிரஷரை இறக்கும் ரெசர்பின் இருக்கிறது.

மருந்து சரியாகவே இருந்தால் உடம்பையும் பருவத்தையும் பாருங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் இருந்ததா? சாப்பாடு குறைந்ததா? அக்கினி நட்சத்திர வெயிலில் வயலிலோ சந்தையிலோ நின்றாரா? பிசான நெல் அறுவடை முடியும் நாட்களில் களத்தில் வெயில் ஏறும்போதே இது தொடங்கிவிடுகிறது. வியர்த்து நீரும் உப்பும் போன உடம்பில், அதே நீரையும் உப்பையும் வெளியேற்றும் மாத்திரையும் சேர்ந்து வேலை செய்தால் பிரஷர் தாழத்தான் செய்யும்.

நல்ல காரணத்தாலும் இறங்கும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் எண்ணும் ஏறக்குறைய ஒரு புள்ளி குறைகிறது. உப்பைக் குறைத்தாலும் அப்படியே. அப்பாவுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கல்லிடைக்குறிச்சியின் அப்பளம் இல்லாமல் சோறு இறங்காது. டாக்டர் சொன்னதைக் கேட்டு அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் ஒரே நாளில் விட்டார். ஆறு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தார். உடம்பு மாறிவிட்டது, மாத்திரை மட்டும் பழைய உடம்புக்கு எழுதியபடியே நின்றது. இப்படிப்பட்டவர்களுக்குக் குறைப்பதற்கு நியாயமான வழி உண்டு.

விரதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் திருச்செந்தூரில் தங்கி விரதம் இருப்பவர்கள், ரமலான் நோன்பு இருப்பவர்கள் எல்லோரும், விரதம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே மாத்திரை நேரத்தை டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளவேண்டும். நோன்பு தொடங்கி மயங்கிய பிறகு பேசுவது தாமதம். வயிறு நிறையச் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலும் வயதானவர்களுக்குப் பிரஷர் இறங்குவது உண்டு. மறுவீட்டில் சொதிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உடனே எழுந்து வெயிலில் நடந்தால் தாத்தாக்கள் தள்ளாடுவது இதனால்தான்.

எந்தக் காரணமும் கிடைக்கவில்லை, மாத்திரையும் மாறவில்லை, ஆனாலும் பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் அதுதான் அதிகம் கவலைப்படவேண்டிய நிலை. இதயம், இரத்தசோகை, சுரப்பிக் கோளாறு எல்லாம் பார்க்கவேண்டியிருக்கும். தள்ளிப்போடாதீர்கள்.

ஐந்தாம் படி: எந்த மாத்திரை எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொடி எழுத்துப் பெயரின் கடைசி ஒலியைப் பாருங்கள். குடும்பம் தெரிந்துவிடும்.

‘லால்’ என்று முடிந்தால் (அட்டெனோலால், மெட்டோபுரோலால், பிசோப்ரோலால்) இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் வகை. இவற்றைச் சட்டென்று நிறுத்தவே கூடாது. அடக்கி வைத்திருந்த துடிப்பு திரும்பிப் பாய்ந்து வரும். இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். டாக்டர்கள் இவற்றை ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகத்தான் இறக்குவார்கள். அப்பாவின் டப்பாவில் மெட்டோபுரோலால் இருந்தது. நான்காம் நாள் அந்த 186 வந்ததில் அதற்கும் பங்கு இருந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். குளோனிடின் என்ற மாத்திரையும் அப்படியே. நிறுத்தினால் பிரஷர் முன்பு இருந்ததையும் தாண்டி ஏறும்.

‘சார்ட்டன்’ என்றோ ‘ப்ரில்’ என்றோ முடிபவையும் (லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரில்), சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகளும் (ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு, ஸ்பைரோனோலாக்டோன்) வேறு விதத்தில் கவனிக்கவேண்டியவை. கடுமையான வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருக்கும்போது இவற்றைத் தொடர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அப்படிப்பட்ட நாட்களில் இவற்றை நிறுத்திவைத்து, நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் மீண்டும் தொடங்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று நோய் வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்குக் கணக்கு வேறு.

‘டிபின்’ என்று முடிபவை (அம்லோடிபின், சில்னிடிபின்) இரத்தக் குழாயைத் தளர்த்துபவை. இவற்றில் அம்லோடிபின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும். பாதி அளவு வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் இன்றைக்கு ஒரு மாத்திரையை விட்டால் நாளைக்கே பிரஷர் ஏறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏறவில்லையே என்று மற்ற மாத்திரைகளையும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: அடுத்த வேளை மாத்திரை

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். காலையில் 86 இருக்கிறது; எட்டு மணி மாத்திரையை விழுங்குவதா வேண்டாமா?

விழுங்குவதற்கு முன் பேசுங்கள். டாக்டருக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கூப்பிடுங்கள். யாரும் கிடைக்காத நேரம் என்றால் 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மேல் எண் 90-க்குக் கீழே இருக்கும்போது, பேசிக்கொண்டிருக்கும் அந்த ஓரிரு மணி நேரத்துக்கு மாத்திரையைக் கையில் வைத்துக் காத்திருப்பதில் தவறில்லை. பேசாமலே நான்கு நாள் விட்டதுதான் எங்கள் தவறு. மாலை வரைக்கும் யாரும் கிடைக்கவில்லை, பிரஷரும் ஏறவில்லை என்றால் அருகில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இரவிலும் அவசரப் பிரிவு இயங்குகிறது.

இடையில் கொடுக்கும் வீட்டு வைத்தியத்திலும் கவனம் தேவை. வெயிலாலோ பேதியாலோ இறங்கியது என்றால் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பொடி இல்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மோரும் நல்லது. ஆனால் இதயம் வீங்கியவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் உப்பு நீரை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், மூச்சு முட்டிவிடும். இளநீர் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணமும் ஆபத்துதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பலவீனமாகி, ‘சார்ட்டன்’, ‘ப்ரில்’ அல்லது ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். கிறுகிறுப்பு தெளியும் வரை பைக் ஓட்டக்கூடாது, கிணற்றுப் பக்கமும் ஆற்றுப் பக்கமும் தனியே போகக்கூடாது.

ஏழாம் படி: டாக்டரிடம் சொல்லவேண்டியதை எழுதி வைத்துச் சொல்லுங்கள்

“அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது டாக்டர்” என்று மட்டும் சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. நான் அன்று போனில் சொன்னது இது: “டாக்டர், அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. மாத்திரைகளை நிறுத்துவதற்கு முன் உட்கார்ந்து அளந்தபோது 88/54, நாடி 58. நிற்கும்போது கண் இருட்டியது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இல்லை. பேதி இல்லை. ஆறு மாதத்தில் ஏழு கிலோ குறைந்திருக்கிறார். டெல்மிசார்ட்டன் இரண்டு பெயரில் சாப்பிட்டிருக்கிறார். பயத்தில் நான்கு நாளாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இன்று காலை 186/104, பின்மண்டை வலி இருக்கிறது.” ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த கேள்வியே அவர் சரியான இடத்தில் கேட்டார். உடனே அழைத்துவரச் சொல்லிவிட்டார்.

எல்லா அட்டைகளையும் பையில் போட்டு நேரிலும் எடுத்துப்போங்கள். செய்த தவறை மறைக்காதீர்கள். நிறுத்திய உண்மையை நாங்கள் சொல்லியிருக்காவிட்டால், 186-ஐப் பார்த்து இன்னொரு மாத்திரையைக் கூட்டியிருப்பார்.

டாக்டர் எப்படிக் குறைப்பார்

இதைத் தெரிந்துவைத்தால் அவர் சொல்வது நன்றாகப் புரியும். பொதுவாக ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்தைத்தான் மாற்றுவார்கள். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. முதலில் இரட்டிப்பானவை, தேவை முடிந்தவை போகும். பிறகு அதிகம் கிறுகிறுக்க வைக்கும் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது எல்லாவற்றையும் காலையில் ஒரே மொத்தமாக விழுங்காமல் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். மாரடைப்பு வந்தவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் ‘லால்’ வகையையும், சர்க்கரையால் சிறுநீரில் புரதம் போகிறவருக்குச் ‘சார்ட்டன்’, ‘ப்ரில்’ வகையையும் முடிந்தவரை விடாமல் காப்பாற்றப் பார்ப்பார்கள். அவை பிரஷருக்காக மட்டும் கொடுத்தவை அல்ல. இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொன்னால் உடனே பாருங்கள். சிறுநீர் மாத்திரையால் வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கியும் தள்ளாட்டமும் குழப்பமும் வரும்.

பாதியாக உடைத்துச் சாப்பிடச் சொன்னால் “இந்த மாத்திரையை உடைக்கலாமா” என்று கேளுங்கள். நடுவில் கோடு இருப்பது ஓர் அடையாளம்தான், உத்தரவாதம் இல்லை. பெயருக்குப் பின்னால் எக்ஸ்எல், ஈஆர், எஸ்ஆர் என்று இருந்தால் மருந்து மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்த மாத்திரை. அதைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். பெயருக்குப் பின்னால் ஏஎம் என்றோ ஹெச் என்றோ இருந்தால் பெரும்பாலும் இரண்டு மருந்து ஒரே மாத்திரையில் இருக்கிறது: ஏஎம் அம்லோடிபின், ஹெச் ஹைட்ரோகுளோரோதயசைடு. அதைப் பாதியாக்கினால் இரண்டும் பாதியாகும். ஒன்றை மட்டும் குறைக்கவேண்டும் என்றால் தனித்தனி மாத்திரையாக எழுதி வாங்கவேண்டும்.

குறைத்த பிறகு

மாற்றிய தேதியை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். வேண்டாம் என்ற அட்டையை வீட்டில் வைக்காதீர்கள். “தீரும்வரை சாப்பிட்டுவிடலாம்” என்று பெரியவர்கள் எடுத்துவிடுவார்கள். குறைந்தது ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்னும் இரவில் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டிரண்டு முறை அளந்து எழுதுங்கள். முதல் நாள் எண்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மற்ற நாட்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் சராசரி 135/85-க்கு மேலே போனால் குறைத்தது கூடுதலாகிவிட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். 180/120-ஐ எட்டி, கூடவே தலைவலி, நெஞ்சு வலி, பார்வை மங்கல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மாத்திரையின் முழு விளைவு தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம் என்பதால் இடையில் நீங்களே மறுபடி மாற்றாதீர்கள்.

அப்பாவுக்கு டெல்மிசார்ட்டன் ஒன்று மட்டும், பழைய அளவில் பாதி; மெட்டோபுரோலாலை டாக்டர் அப்படியே தொடரச் சொன்னார். மாத்திரை இப்போது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான், ஆற்றுக்குப் போவதற்கு முன் இல்லை. படுக்கையிலிருந்து எழும்போது காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுகிறார். வேட்டியை அலசப் படியில் குனிவதில்லை. உட்கார்ந்து அலசுகிறார், தம்பி கூடவே நிற்கிறான். போன வாரத்துச் சராசரி 126/74; நின்று அளந்தால் 118. பங்குனி வெயில் ஏறுவதற்கு முன் ஒரு முறை நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாசிக் கடைசியில் கூட்டிப்போகிறேன்.